ஆதலும் இருத்தலும் உடைமையும்

ஒரு மொழியின் இயல்பை அறிய விழைவோர் அரிய சொற்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. அன்றாடம் வழங்கும் சிறு வினைகளை நோக்கினாலே போதும். இன்னார், இங்குள்ளார், இன்னாருடையது என உணர்த்தும் வினைகள் அத்தகையன. அவற்றில் ஆங்கிலமும் ஸ்பானியமும் வேறுபடும் திறம் ஈண்டு ஆராயப்படுகிறது.

ஆதலும் இருத்தலும்

ஆங்கிலத்தில் 'பி' என்னும் ஒரு வினையே ஆதல், இருத்தல் ஆகிய இரு பொருளையும் தாங்குகிறது. ஸ்பானியத்திலோ 'ஸெர்', 'எஸ்தார்' என வினைகள் இரண்டு. பின்னது, நிற்றல் எனப் பொருள்படும் 'ஸ்தாரே' என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது.

நிலைத்ததற்கு ஸெர், மாறுவதற்கு எஸ்தார் எனத் தொடக்கநிலை நூல்கள் சில கூறும். இவ்விதி முற்றும் பொருந்தாது. மத்ரித் நகரம் இடம்பெயர்வதில்லை. ஆயினும் அது ஸ்பெயினில் உள்ளது என்பதற்கு எஸ்தாரே வரும். இறந்தவர் மீள்வதில்லை, அவர்தம் நிலையைச் சொல்லவும் எஸ்தாரே வரும். மணி மூன்று என்பது விரைவில் மாறுவது. அதற்கோ ஸெர் வரும். எனவே, வேறுபாட்டின் அடிப்படை காலஅளவன்று. இன்னது என வரையறுப்பது ஸெர். இவ்விடத்தில், இந்நிலையில் உள்ளது எனக் காட்டுவது எஸ்தார் எனக் கொள்ளலே பெரிதும் பொருந்தும்.

உடைமை

ஆங்கிலத்தின் 'ஹேவ்' உடைமையையும் உணர்த்தும், துணைவினையாகவும் வரும். ஸ்பானியத்தில் உடைமைக்குத் 'தெனெர்', துணைவினைக்கு 'ஆபெர்' எனத் தனித்தனியே உள. பசியையும் அகவையையும் ஆங்கிலேயர் 'பி' வினையால் கூற, ஸ்பானியர் பசி உடையேன், இருபது ஆண்டுகள் உடையேன் எனத் தெனெர் வினையால் கூறுவர்.

இந்நூல் இன்னாருக்கு உரியது என்பதற்கு ஆங்கிலத்தில் 'பிலாங்' என்னும் வினை உண்டு. ஸ்பானியத்தில் அதற்கும் தனிவினை உளதாயினும், ஸெர் வினையோடு 'தெ' என்னும் இடைச்சொல்லைச் சேர்த்துக் கூறுவதே பெருவழக்கு. ஒருவர் பிறந்த ஊரும், ஒரு பொருள் மரத்தால் ஆனது என்பதும் இவ்வமைப்பாலேயே சொல்லப்படும். உரிமையும் பொருளின் அடையாளங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது நோக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

ஸ்பானிய இலக்கியங்கள் பல ஆங்கில வழியாகவே தமிழுக்கு வந்துள்ளன. 'கையாதோ' என்னும் சொல்லோடு ஸெர் வரின் 'அவர் அமைதியானவர்' என்பது பொருள். எஸ்தார் வரின் 'அவர் அமைதியாக இருக்கிறார்' என்பது பொருள். ஆங்கிலம் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒரே தொடராக்கிவிடும். கதைமாந்தர் இயல்பாகவே குறைவாகப் பேசுபவரா, அன்றி அந்நேரத்தில் வாயடைத்து நிற்பவரா என்பது அவ்விடத்தில் மறைந்துபோகும். தமிழ் வழக்கும் ஸ்பானிய வழக்கும் எல்லா இடத்தும் ஒத்தன அல்ல. எனினும் இவ்வேறுபாட்டை நம் மொழி எளிதாகக் காட்டவல்லது. மூலத்திலும் தமிழிலும் உள்ள ஒன்று இடைமொழியில் இழக்கப்படுகிறது.

ஒருவரது நிலையை அவரது இயல்பாக்கிவிடுதல் மொழிபெயர்ப்பில் சிறுபிழை அன்று. தமிழ் பயிலும் மாணவருள் சிலரேனும் ஸ்பானியத்தை நேரே கற்க முன்வருவராயின், இவ்விழப்பு நீங்கும். தமிழும் வளம் பெறும்.