கைதேர்ந்த விவசாயிகளைக் கொண்டு பயிற்சி அளித்தலும் அதன் மேற்பார்வையும்

கிராமந்தோறும் ஒவ்வொரு தொழிலிலும் கைதேர்ந்தவர் ஒருவர் இருவர் இருப்பது வழக்கம். மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுவதில் ஒருவரும், டிராக்டரைப் பழுது பார்ப்பதில் ஒருவரும், மருந்து தெளிப்பதில் ஒருவரும் பெயர் பெற்றிருப்பார்கள். இத்தகையோரைக் கொண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பது மிகவும் பிரயோஜனமுள்ள ஏற்பாடாகும். அவர்கள் உள்ளூர் மண்ணையும் நீரையும் அறிந்தவர்கள். அவர்கள் சொல்லுக்கு ஊராரிடம் மதிப்பும் உண்டு.

ஆயினும், ஒரு தொழிலைச் செய்யத் தெரிவது வேறு. அதைப் பிறர்க்குக் கற்பிக்கத் தெரிவது வேறு. பல ஆண்டுப் பழக்கத்தால் கை தானாகவே செய்து முடிக்கும் காரியத்தை, முதலில் இது, பின்னர் இது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. மேலும், கற்பிக்கும் முறையில் தேர்ச்சி பெறாத ஒருவர், தம் திறமையோடு தம்மிடமுள்ள தவறான வழக்கங்களையும் சேர்த்தே கற்பித்துவிடுகிறார். ஒருவர் வயலோடு நின்றிருந்த தவறு, அவரிடம் கற்ற 20 பேருடைய வயல்களுக்கும் பரவுகிறது. ஆகையால், கைதேர்ந்தவரை ஆசிரியராக அமர்த்தும்போது, கற்பிக்கும் முறையை அறிந்த ஒருவர் உடனிருந்து மேற்பார்வை செய்வது அவசியமாகும்.

மருந்து தெளிப்பில் ஓர் உதாரணம்

அநுபவசாலி ஒருவர் 10 லிட்டர் டாங்குக்கு 25 மில்லி பிடிக்கும் மூடியால் ஒரு மூடி மருந்து ஊற்றி நல்ல பலன் கண்டிருக்கலாம். அவர் விரைந்து நடப்பவராயின் 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள இடத்துக்கு, அதாவது சுமார் இரண்டரை சென்டுக்கு, 4 லிட்டர் செலவாகும். அந்தக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 16 டாங்கு, 400 மில்லி மருந்து. மருந்துப் புட்டியில் கண்ட அளவு ஏக்கருக்கு 400 மில்லி என்றிருந்தால், அவர் செய்வது சரியே.

அவரிடம் கற்ற மாணவர் மெதுவாக நடப்பவராயின், அதே இடத்துக்கு 5 லிட்டர் செலவாகும். ஏக்கருக்குச் சுமார் 20 டாங்கு ஆகும். இவரும் டாங்குக்கு ஒரு மூடி ஊற்றினால் 500 மில்லி மருந்து நிலத்தில் விழும். ஏக்கருக்கு 100 மில்லி வீண் செலவு; விளைபொருளுக்கும் மனிதர்க்கும் தீங்கு. வேறு புட்டியின் மூடி பெரிதாயிருந்தால் தீங்கு இன்னும் கூடும். ஆசிரியர் பொய் சொல்லவில்லை. தம் நடைக்குப் பொருந்திய அளவை எல்லோருக்கும் பொருந்திய விதியாகச் சொன்னார். வெறும் தண்ணீரைத் தெளித்து ஒவ்வொருவர் நடைக்கும் ஆகும் நீரை முதலில் அளந்தறிய வேண்டும் என்னும் பாடத்தை அங்கே சேர்ப்பதே மேற்பார்வையாளரின் வேலை.

ஜாவாத் தீவின் அநுபவம்

இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் பெரிதும் அழித்தது. பூச்சிக்கொல்லிகளை மிகுதியாகத் தெளித்ததால் புகையானைத் தின்னும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் மடிந்து, புகையான் முன்னிலும் பெருகியதென்பது தெளிவாயிற்று. 1986-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு உபயோகிப்பதைத் தடுத்தது. 1989-ஆம் ஆண்டில் ஜாவாவில் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஏறக்குறைய 25 விவசாயிகள் ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் வயலில் கூடி, பயிரையும் பூச்சிகளையும் எண்ணிப் பார்த்து, கண்டதைப் பெரிய தாளில் வரைந்து, தம்முள் விவாதித்து முடிவு செய்தனர்.

நாளடைவில் அப்பள்ளிகளில் கற்ற விவசாயிகளே ஆசிரியர்களாகவும் ஆயினர். ஆனால் நன்றாக விளைவித்தவர் என்பதற்காக மட்டும் எவரும் ஆசிரியராக்கப்படவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கற்பிக்கும் முறையில் தனிப் பயிற்சி அளிக்கப்பட்டது. பின்னரும் கள உத்தியோகஸ்தர்கள் துணை நின்றனர். 10 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகள் அந்நாட்டில் இம்முறையில் கற்றதற்கு, விவசாயிகளே ஆசிரியர்களாக முன்வந்ததும் ஒரு முக்கிய காரணம்.

ஆஸ்திரேலியாவின் விதி

கைதேர்ந்தவர் எவ்வளவு தூரம் கற்பிக்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியா எழுத்து மூலமாகவே வரம்பு கட்டியிருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்காக அங்கே 2015-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஆசிரியத் தகுதி முழுவதும் பெறாத ஒருவர், தகுதி பெற்றவரின் மேற்பார்வையில் கற்பிக்க இடமிருந்தது. ஆனால் மாணவர் தேர்ச்சி பெற்றாரா என்பதை அவர் முடிவு செய்யலாகாது என்றிருந்தது. தொழில் வல்லுநர், தகுதி பெற்றவரோடு சேர்ந்து சோதனையில் பங்கு கொள்ள இடமிருந்தது. 2025 ஜூலை முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த பின்னரும், தகுதி பெற்றவரின் வழிகாட்டுதலில் பிறர் கற்பிக்கலாம் என்னும் ஏற்பாடு நிலைத்திருக்கிறது. இதில் அடங்கிய நியாயம் நம் கிராமங்களுக்கும் பொருந்தும்.

மேற்பார்வையாளர் செய்ய வேண்டியவை

முதலாவது, பாடத்துக்கு முன்பே கைதேர்ந்தவரோடு அமர்ந்து, காரியத்தை அவர் செய்யச் செய்யப் படிப்படியாக எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சொல்ல மறந்து கையால் மட்டும் செய்யும் படிகளே மாணவர்க்கு மிகவும் தேவையானவை. மருந்து தெளிப்புப் பாடத்தில் டாங்கு ஒழுகுகிறதா என்று பார்ப்பதும், காற்றின் திசை அறிவதும் அத்தகையவை.

இரண்டாவது, பொறுப்பைச் சிறிது சிறிதாக ஒப்படைக்க வேண்டும். முதலில் மேற்பார்வையாளர் நடத்தும் பாடத்தில் அவர் செய்து காட்டட்டும். அடுத்து, அருகில் இவர் நிற்க, அவர் ஒரு பகுதியை நடத்தட்டும். பின்னர் முழுப் பாடமும் அவருடையதாகலாம். அப்போதும் முன்னறிவிப்பின்றி இடையிடையே சென்று பார்ப்பது தவறக் கூடாது. அலுவலகத்திலிருந்தபடியே வருகைப் பதிவில் கையெழுத்திடுவது மேற்பார்வையாகாது.

மூன்றாவது, திருத்தும் சமயத்தை அறிய வேண்டும். தவறுகள் மூவகைப்படும். அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதுவது, மருந்தைக் கையால் கலக்குவது, காற்றுக்கு எதிரே தெளிப்பது போன்றவை உயிருக்கு ஆபத்தானவை. இவற்றை அக்கணமே நிறுத்த வேண்டும். அளவைத் தவறாகச் சொல்வது போன்றவற்றை, அன்றைய பாடம் முடியுமுன் அவர் வாயாலேயே திருத்தச் செய்ய வேண்டும். "ஐயா, இந்த மூடியில் எத்தனை மில்லி பிடிக்கிறதென்று அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்போமா?" என்று கேட்டால், அவர் மானமும் நிற்கும், மாணவரும் உண்மையை அறிவர். விரைந்து பேசுதல், ஒருவரையே பார்த்துச் சொல்லுதல் போன்ற குறைகளைப் பின்னர் தனிமையில் எடுத்துரைத்தால் போதும். ஊரார் முன்னிலையில் தலைகுனிந்தவர் மறுமுறை கற்பிக்க வரமாட்டார்.

நான்காவது, மேற்பார்வையாளர் தமக்குத் தெரியாத கைத்திறனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளலாகாது. ஒட்டுக் கத்தியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பதில் கைதேர்ந்தவரின் சொல்லே முடிவானது. பாடத்தின் வரிசை, பத்திரம், அளவு, சோதனை ஆகிய நான்குமே மேற்பார்வையாளரின் எல்லை.

தேர்ச்சியை முடிவு செய்தல்

கைதேர்ந்தவர்க்குப் பெரும்பாலும் மாணவரில் சிலர் உறவினராகவும், சிலர் நில விவகாரத்தில் மாறுபட்டவராகவும் இருப்பர். தம்மைப் போலவே செய்தவரைச் சிறந்தவர் என்றும், வேறு கைப்பழக்கமுள்ளவரைத் தேறாதவர் என்றும் எண்ணுவதும் இயல்பு. ஆகையால், ஒவ்வொரு மாணவரும் தனியே காரியத்தைச் செய்து காட்ட, கைதேர்ந்தவரின் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டு, முன்பே எழுதிய படிகளோடு ஒப்பிட்டு, மேற்பார்வையாளரே முடிவு செய்து பதிவு செய்ய வேண்டும். இதனால் ஊரில் எழும் மனக்கசப்பும் கைதேர்ந்தவரைச் சாராது.

நிலமுடையோரும் கிராமாதிகாரிகளும்

மிராசுதார்கள் தம் நிலத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கு விடும்போது, யார் கற்பிக்கிறார், யார் மேற்பார்வை செய்கிறார் என்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டறிவது அவர்கள் பயிருக்கே நன்மை. கைதேர்ந்தவர் பயிற்சிக்கு வரும் நாளில் தம் கூலியை இழக்கிறார் என்பதையும் மறக்கலாகாது. அதற்கு ஈடு செய்வது நியாயம். கிராமாதிகாரிகள் இடம், குடிநீர், சோப்பும் கை கழுவும் நீரும் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்து, கற்பித்தவர், மேற்பார்வை செய்தவர் ஆகிய இருவர் பெயரும் தனித்தனியே பதிவாகும்படி பார்த்துக்கொள்வார்களாக. கற்பிப்பதில் ஆர்வமும் பொறுமையும் காட்டும் கைதேர்ந்தவர்களை முறையான ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தால், சில ஆண்டுகளில் அவர்களே அடுத்தவர்க்கு மேற்பார்வையாளராக நிற்கும் தகுதி பெறுவர்.