ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு வரும் பேதி

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்த தலைமுறையை இன்று அதிகம் வாட்டுவது இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது. அப்போது நாட்டின் சராசரி 18.3 விழுக்காடு. அதன் அடுத்த கட்டம் பல குடும்பங்களுக்குத் தெரிந்த கதைதான்: காலில் ஆறாத புண், சீழ், சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையிலோ கோலா பிலாவிலோ வார்டு வாசம், நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக். புண் ஆறத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஒரு வாரம் கழித்து வயிறு பிடுங்கிக்கொள்கிறது. நாளுக்கு எட்டு முறை, பத்து முறை தண்ணீராகப் போகிறது. "ஆஸ்பத்திரி சாப்பாடு சேரல", "மருந்து சூடு" என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். யாராவது கடைக்கு ஓடிப் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கி வருகிறார்கள். ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

இந்தப் பேதிக்குக் காரணம் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியாக இருக்கலாம். மருத்துவர்கள் சுருக்கமாக 'சி.டிஃப்' என்பார்கள். நம் குடலில் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை இருக்கும்வரை இந்தக் கிருமியால் தலையெடுக்க முடியாது. கால் புண்ணுக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் புண்ணிலுள்ள கிருமியோடு குடலின் நல்ல உயிர்களையும் சேர்த்து அழிக்கிறது. காலியான இடத்தில் சி.டிஃப் பெருகி, நஞ்சைச் சுரந்து பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. ஆன்டிபயாட்டிக்கும் இந்தக் குடல் அழற்சிக்கும் நடுவே நிற்பது இந்தக் கிருமிதான் என்பது 1978இல் உறுதியானது. கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின் வகைகள், சிப்ரோஃப்ளோக்சசின் போன்றவை, கோ-அமோக்சிகிளாவ் ஆகியவற்றில் ஆபத்து கூடுதல். 65 வயதைத் தாண்டியவர்கள், நீண்ட நாள் வார்டில் படுத்தவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்க ஒமெப்ரசோல் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மருந்து முடிந்த பிறகும் மூன்று மாதம்வரை இந்த ஆபத்து நீடிக்கும்.

கிருமியின் வித்துகள் கட்டில் கம்பியிலும் கமோட் பிடியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் ஆல்கஹால் கைக்கழுவியால் அவற்றைக் கொல்ல முடியாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையைவிட்டுப் போகும்.

கவனக்குறைவு எதில் கொண்டுபோய்விடும் என்பதை இங்கிலாந்தின் கென்ட் வட்டாரம் கண்டது. மெய்ட்ஸ்டன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் மருத்துவமனைகளில் 2004 ஏப்ரலுக்கும் 2006 செப்டம்பருக்கும் இடையில் 1,176 பேருக்கு இந்தத் தொற்று கண்டது. சுமார் 90 பேர் சாவுக்கு இதுவே திட்டவட்டமான அல்லது பெரும்பாலும் முதன்மையான காரணம் என்று 2007 அக்டோபரில் அரசு விசாரணை அறிக்கை சொன்னது. கட்டில்கள் நெருக்கியடித்துக் கிடந்தன, மலச்சட்டிகள் சரியாகக் கழுவப்படவில்லை, தாதியர் போதவில்லை. கழிப்பறைக்கு அழைத்துப்போக ஆளில்லாமல், படுக்கையிலேயே போகச் சொல்லப்பட்டார்கள் நோயாளிகள். பணக்கார நாட்டின் மருத்துவமனையில் நடந்தது இது. அந்நாடு பிறகு திருந்தியது. ஒவ்வொரு தொற்றையும் கட்டாயமாகக் கணக்கெடுத்தார்கள், ஆபத்தான ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கடிவாளம் போட்டார்கள். 2007-08இல் 55,000க்கு மேலிருந்த தொற்றுகள் ஐந்தே ஆண்டில் 15,000க்கும் கீழே இறங்கின. மனம் வைத்தால் தடுக்கக்கூடிய நோய் இது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மலேசியாவிலும் இந்தக் கிருமி உண்டு. தீபகற்பத்தின் கிழக்குப் பகுதி மருத்துவமனை ஒன்றில் பேதி கண்ட நோயாளிகளின் மலத்தைச் சோதித்தபோது ஏறத்தாழ 14 விழுக்காடு மாதிரிகளில் இதன் நஞ்சு தென்பட்டது. ஆனால் கேட்டால்தான் சோதனை, சந்தேகப்பட்டால்தான் சிகிச்சை. அதனால்தான் குடும்பத்தார் வாய் திறந்து பேச வேண்டியிருக்கிறது.

ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், கூடவே காய்ச்சலோ வயிற்று வலியோ இருந்தால், கிளினிக்கில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "இவர் இந்தத் தேதியில் வார்டில் இருந்தார், இந்த ஆன்டிபயாட்டிக் எடுத்தார். சி.டிஃப் சோதனை செய்ய முடியுமா?" லோபெரமைட் போன்ற மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பேதி நின்றதுபோல் தோன்றும், நஞ்சு உள்ளேயே தங்கிக் குடலை வீங்கச் செய்யலாம். நடந்துகொண்டிருக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தலாமா, மாற்றலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சிகிச்சைக்கு வான்கோமைசின் இருக்கிறது, அதை வாய் வழியாகத்தான் தர வேண்டும். ஊசியாகப் போட்டால் குடலுக்கு எட்டாது. குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது என்பதால் அடுத்த சில வாரங்களும் கண்காணிப்பு தேவை.

வீட்டில் கழிப்பறை ஒன்றே இருந்தால், ஒரு பங்கு குளோராக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தினமும் துடைக்கலாம். வேறு கழுவும் திரவத்தை அதோடு கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சளி, இருமல் என்றாலே "கொஞ்சம் பவரான மருந்தா கொடுங்க டாக்டர்" என்று வற்புறுத்துவது, மீந்த மாத்திரையை அக்கம்பக்கத்தில் பகிர்வது, ஊருக்குப் போய் வரும்போது தமிழ்நாட்டிலிருந்து அட்டை அட்டையாக வாங்கி வருவது. சாதாரணச் சளி வைரஸால் வருகிறது. ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது, குடலைத்தான் கெடுக்கும். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி மருத்துவரின் சீட்டில்லாமல் கடையில் ஆன்டிபயாட்டிக் விற்பது மலேசியாவில் குற்றம்.

இனி உரிமைகள். கொடுக்கப்படும் மருந்தின் பெயர் என்ன, எதற்காக, எத்தனை நாள் என்று கேட்பது நோயாளியின் உரிமை. கேட்பதை மரியாதைக் குறைவாக நம் பெரியவர்கள் நினைக்கிறார்கள். தோட்டத்து டிரெசர் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் விழுங்கிய காலத்தின் பழக்கம் அது. தோட்டத்திலேயே குடியிருக்கும் தொழிலாளர்களுக்குச் சுகாதார, மருத்துவ வசதி தரும் கடமை 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி (சட்டம் 446) முதலாளியைச் சேர்ந்தது. தவறினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வார்டில் சேர வேண்டிய நிலை வந்தால், வேலைச் சட்டம் ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. 2023 ஜனவரி முதல் இது வழக்கமான எம்.சி. விடுப்பில் கழியாது.

அரசு மருத்துவமனையில் குறை கண்டால் அங்கேயுள்ள பொது உறவுப் பிரிவில் எழுத்தில் புகார் தரலாம், சுகாதார அமைச்சின் சிஸ்பா இணையத்தளத்திலும் பதியலாம். தனியார் மருத்துவமனைகள் நோயாளிகளின் குறை கேட்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 586) கட்டாயப்படுத்துகிறது. மருத்துவரின் நடத்தை பற்றி மலேசிய மருத்துவ மன்றத்திடம் முறையிடலாம். தொற்று வந்தது என்பதற்காகவே யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. தேவையான ஆன்டிபயாட்டிக்கைச் சரியாகக் கொடுத்தும் இது வரலாம். அறிகுறி தெரிந்தும் சோதிக்கவில்லை, சுத்தம் பேணவில்லை என்றால்தான் வழக்குக்கு அடிப்படை பிறக்கும்.

வழக்கென்று போனால் காலக்கெடு முக்கியம். தீபகற்ப மலேசியாவில் தனியார் மருத்துவமனைமீது 6 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், அரசு மருத்துவமனைமீது 36 மாதத்துக்குள் போட்டாக வேண்டும். துக்கத்திலும் தயக்கத்திலும் நாள் போய்விடும் என்பதால் மருத்துவ அறிக்கைக்கு உடனே விண்ணப்பியுங்கள். மருந்துப் பொட்டலங்களையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் மூன்று மாதமாவது பத்திரமாக வைத்து, வீட்டுப் பெரியவருக்குப் பேதி கண்டால் அவற்றையும் கையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.