மைனாவை அடிக்காதீர்கள்

பினாங்கு லெபோ பாசார் கடைவாசலிலும் மைனா, நம் லயத்து முற்றத்திலும் மைனா. குருவி மாதிரி தத்தாது. கங்காணி மாதிரி விறைப்பாக நடந்துதான் வரும்.

மலாய்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'கெம்பாலா கெர்பாவ்', அதாவது எருமை மேய்ப்பன். எருமை நடக்கையில் புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளியைப் பிடிக்கத்தான் கூடவே போகுது. நாம் புல் வெட்டினாலும் பின்னாலேயே வந்துவிடும். சிந்தின சோறும் தின்னும், புழு பூச்சியும் தின்னும்.

கூரை இடுக்கில் கூடு கட்டி, நாலைந்து முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சுகளுக்கு இரை தேடும். உண்டிவில்லால் ஒன்றை அடித்தால் அங்கே அத்தனை வாயும் பட்டினி. சம்பாதிக்கிற கை ஒன்று போனால் குடும்பம் என்ன பாடுபடும்னு நமக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.