மின்னஞ்சலில் நேரம் தவறாகக் காட்டுகிறதா?

காலை 10 மணிக்கு வந்த மின்னஞ்சல் 7.30க்கு வந்ததாகக் காட்டினால், கணினியின் நேர மண்டலம் பெரும்பாலும் இந்தியாவுக்கு உரியதாக இருக்கும். விடியற்காலை 2 மணி எனக் காட்டினால், அது அனைத்துலகப் பொது நேரம்.

கணினிக் கடிகாரத்தைக் கையால் திருத்தினால் மட்டும் போதாது. மின்னஞ்சல் நேரம் மண்டலத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. கடிகாரம் சரியாகத் தெரிந்தாலும், இணையவழி நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு தவறான நேரத்தைக் காட்டலாம். கிடைக்கவிருந்த வேலை கைநழுவலாம்.

அமைப்புகளில் ‘தேதி, நேரம்’ பகுதிக்குச் சென்று, ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ (+8) மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் தானாகச் சரியாகும் வசதியையும் முடுக்கிவிட வேண்டும். பின்னர் மின்னஞ்சலை மூடித் திறந்து பார்க்கலாம்.

ஒருவர் அனுப்பும் மடல்களில் மட்டும் நேரம் பிசகினால், கோளாறு பெரும்பாலும் அவருடைய கணினியில்தான். அவரிடம் சொல்லிவிடுங்கள், உங்கள் கணினியை மாற்ற வேண்டாம்.