ஒரு விஞ்ஞானிக்கு எத்தனை மதிப்பெண்?

ஐந்து மாணவர்களுக்குத் தலா 20 மதிப்பெண். ஆறாவது மாணவருக்கு 98. சராசரி 33. ஆனால் 33 வாங்கியவர் அந்தக் குழுவில் ஒருவருமில்லை. சராசரி பாடத்தை நான் இந்தக் கணக்கோடுதான் தொடங்குவேன். விஞ்ஞானிகளை மதிப்பிடுவதிலும் இதே சிக்கல் உண்டு.

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டுவதை மேற்கோள் என்கிறார்கள். மேற்கோள்களை மொத்தமாகக் கூட்டினால், புகழ்பெற்ற ஒரே கட்டுரை மற்றவற்றை மறைத்துவிடும். கட்டுரைகளை மட்டும் எண்ணினால், யாரும் படிக்காதவையும் சேர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை அமெரிக்காவில் பணியாற்றும் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தார். அதுவே எச் குறியீட்டெண். பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி எனப் பலவற்றிலும் இன்று இந்த எண்ணைப் பார்க்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆசிரியர்களும் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

கணக்கிடுவது எளிது. ஒருவரின் ஏழு கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை இறங்கு வரிசையில் எழுதுவோம்: 9, 7, 6, 5, 5, 2, 1. முதல் ஐந்தும் குறைந்தது ஐந்து மேற்கோள்கள் பெற்றுள்ளன. ஆறாவது கட்டுரைக்கு இரண்டுதான். ஆகவே எச் = 5.

இன்னொருவருக்கு 20, 10, 6, 5, 5, 2, 1. இவருக்கும் எச் ஐந்துதான்! முதல் கட்டுரையின் 20 மேற்கோள்களுக்கு எந்த மதிப்பும் கிடைக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க பெல்ஜியத்தின் லியோ எக்கே 2006இல் ஜி குறியீட்டெண்ணைத் தந்தார். மேலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை, கட்டுரை எண்ணிக்கையின் வர்க்கத்துக்குக் குறையாமல் இருக்கும் கடைசி இடமே ஜி. இரண்டாமவருக்கு ஏழு கட்டுரைகளின் கூட்டுத்தொகை 49, அதாவது 7இன் வர்க்கம்; எனவே ஜி = 7. முதலாமவருக்கு ஆறு கட்டுரைகளின் கூட்டுத்தொகை 34, தேவை 36. எனவே ஜி = 5. வேறுபாடு வெளியே வந்துவிட்டது.

எச் ஒருபோதும் இறங்காது. எழுதுவதை நிறுத்தியவருக்கும் ஏறலாம். இளையவர்களுக்கு இது பாதகம். அதனால் எச் மதிப்பை ஆய்வில் ஈடுபட்ட ஆண்டுகளால் வகுக்கும் முறையையும் ஹிர்ஷே சொன்னார். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதைக் கழிப்பது, கூட்டாக எழுதிய கட்டுரையை ஆசிரியர்களிடையே பங்கிடுவது போன்ற திருத்தங்களும் உண்டு. துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் மாறுவதால், ஒரு கணித அறிஞரையும் ஓர் உயிரியல் அறிஞரையும் இந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது என் பார்வையில் வீண்வேலை.

பிரெஞ்சுக் கணித மேதை கால்வா 1832இல் தம் 20ஆம் வயதில் இறந்தார். அவருடைய முக்கிய ஆய்வு அச்சேறியது 1846இல்தான். வாழ்நாளில் வெளியான அவருடைய கட்டுரைகளோ மிகச் சில. கட்டுரை எண்ணிக்கையை மீறி எச் வளர முடியாது. எந்தத் திருத்தமும் அவருக்கு உதவாது.

வகுப்பில் செய்துபார்க்க ஆய்வுக் கட்டுரைகள் வேண்டாம், பள்ளி நூலகப் பதிவேடு போதும். ஒவ்வொரு புத்தகமும் எத்தனை முறை எடுக்கப்பட்டது என்று மாணவர்கள் எண்ணி, இறங்கு வரிசையில் எழுதி, எச், ஜி இரண்டையும் கண்டுபிடிக்கட்டும். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.