கடல் ஏற்றவற்றமும் வடிகால் மதகும்

காவேரி டெல்டாவின் கடைமடைப் பாகங்களில், ஐப்பசி கார்த்திகை மழையால் சம்பா வயல்களில் தேங்கும் நீர் வடிகால்களின் வழியே சமுத்திரத்தைச் சேரவேண்டும். கடல் ஏறியிருக்கும் வேளையில் அந்நீர் வடியாது; மதகு திறந்திருப்பின் உப்புநீரும் உட்புகுந்து நிலத்தைக் கெடுக்கும். ஆகையால் ஏற்றவற்றத்தின் காரணத்தை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

சந்திரன் பூமியைத் தன்பால் இழுக்கின்றது. அவ்விழுப்பு சந்திரனை நோக்கிய பக்கத்தில் அதிகமாயும் மறுபக்கத்தில் குறைவாயும் இருப்பதால், இருபக்கங்களிலும் கடல்நீர் உயர்கின்றது. பூமி சுழலுகையில் நமது கரை இவ்விரு உயர்ச்சிகளையும் கடப்பதால், நாளொன்றுக்குப் பெரும்பாலும் இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் உண்டாகின்றன. இதற்குள் சந்திரனும் சற்று நகர்ந்துவிடுவதால், ஏற்றம் தினந்தோறும் ஏறக்குறைய 50 நிமிஷம் பிந்தி வரும்.

சூரியன் மிகப் பெரிதாயினும் வெகுதூரத்திலிருப்பதால், இவ்விஷயத்தில் அதன் வலிமை சந்திரனுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவே. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இழுப்பதால், அந்நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றம் மிகும். வற்றமும் அதிகமாகத் தாழும். அஷ்டமியையொட்டி ஒன்றின் வேலையை மற்றொன்று குறைப்பதால் இரண்டும் சுருங்கும்.

நாகப்பட்டினக் கரையில் இவ்வேறுபாடு 1 மீட்டருக்கும் குறைவே. ஆயினும் தாழ்ந்த கடைமடை நிலங்களுக்கு அதுவே பெருங்கேடாகும். புயற்காற்றும் சேர்ந்தால் நீர் இன்னும் உயரும்.

எனவே அமாவாசை, பௌர்ணமிக்கு முன்னரே மதகுப் பலகைகளைச் செப்பனிடுக. ஏற்றம் தொடங்குமுன் அடைத்து, வற்றத்தில் திறந்துவிடுக. அந்நாட்களின் ஆழ்ந்த வற்றமே தேங்கிய நீரை வடிப்பதற்கு உத்தமமான சமயம். நேற்றுத் திறந்த மணிக்கே இன்றும் திறவாமல், சுமார் 50 நிமிஷம் தாழ்த்தித் திறத்தல் நலம்.