ஆயுள் நீண்டபின் எழும் கேள்வி

ஆப்பிரிக்க நாட்டுப்புறங்களில் எய்ட்ஸ் ஒரு காலத்தில் பிழைக்க வழியற்ற நோயாகவே எண்ணப்பட்டது. 2003-க்குப் பின்னர் எச்.ஐ.வி. மருந்துகள் அங்கே பரவலாகக் கிடைக்கத் தொடங்கின. அன்று கைவிடப்பட்டோரில் பலர் இன்று ஐம்பது வயதையும் கடந்து, பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். ஆயினும் கிருமிக்குத் தப்பியவர் இரத்தக் கொதிப்புக்கோ மாரடைப்புக்கோ இரையானால், அவருக்கு நாம் செய்த உதவி நிறைவானதாகுமா?

இந்த அபாயத்திற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, கிருமி. மருந்தினால் அது அடங்கியிருக்கும்போதும், உடலில் ஒருவித அழற்சி தணியாமல் நீடித்து, இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்குகிறது. இரண்டாவது, மருந்து. தொடக்கத்தில் வழங்கப்பட்ட ஸ்டாவுடின் முகத்திலும் கைகால்களிலும் உள்ள கொழுப்பைக் கரைத்தது. அதைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அறிவுறுத்தியது. 2019-இல் முதன்மை மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்ட டோலுடெகிராவிர் அதனினும் மிக நல்லது. எனினும் அதை உட்கொள்வோரில் சிலருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, உடல் எடை கூடுகிறது. மூன்றாவது, எல்லா மனிதருக்கும் பொதுவான முதுமை, உப்பு, புகையிலை ஆகியவை.

ஆகையால் மருந்தே தீங்கு என்று எவரும் முடிவு செய்யலாகாது. மருந்தை இடையிடையே நிறுத்தியோருக்கு மரணமும் இருதய நோயும் அதிகரித்தன என்பதை 2006-இல் வெளியான ஆய்வொன்று தெளிவாக்கியது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? உகாண்டா, கென்யா நாடுகளின் 32 கிராமப்புறச் சமுதாயங்களில் 2013 முதல் 2017 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. அங்கே எச்.ஐ.வி. சோதனையோடு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒருங்கே சோதிக்கப்பட்டன. தொடர்ந்த சிகிச்சையும் ஒருங்கிணைக்கப்பட்ட ஊர்களில், இரத்தக் கொதிப்பு உடையோரில் அதிகமானோருக்கு அது கட்டுப்பட்டது. மேலும், தென்னாப்பிரிக்கா, உகாண்டா உள்ளிட்ட 12 நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் மாத்திரை, எச்.ஐ.வி. உள்ளோரிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

இவ்வறிவு நகரத்து மருத்துவமனையோடு நின்றுவிடலாகாது. எச்.ஐ.வி. மாத்திரைக்காக நெடுந்தூரம் நடந்து வரும் கிராமத்துத் தாய்க்கு, அதே நாளில், அதே அறையில், இரத்த அழுத்தமும் பார்க்கப்பட வேண்டும்; தேவையான மாத்திரையும் அங்கேயே கிடைக்க வேண்டும். நோய்கள் பலவாயினும் அவற்றைச் சுமக்கும் சரீரம் ஒன்றே. அதைப் பல வாசல்களுக்கு அலையவிடுவது பராமரிப்பு ஆகாது.